முறிகண்டியில் நில்லாத லொறி

முறிகண்டியில் லொறியை நிறுத்த வேண்டாம் என்று சொன்னவன் நான்.

அப்படி நான் சொல்லவே இல்லை என்று பிறகு சாதித்தவனும் நானே!

இந்த இரண்டு வாக்கியங்களையும் எழுத எனக்கு இவ்வளவு காலம் பிடித்தது. எழுதிவிட்டுப் பார்த்தால்... ஒன்றும் ஆகவில்லை. மின்விசிறி சுற்றுகிறது. தெருவில் மீன்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகிறான். என்னை வந்து ஏனென்று கேட்க ஒருவருமில்லை. அதுதான் என்னை இருக்கவிடாமல் அலைக்கழிக்கிறது.

உங்களை எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் கிளிநொச்சிப் பக்கத்தவரானால் என்னைக் கண்டிருப்பீர்கள். காசு வாங்கும் இடத்துக்குப் பின்னால், கண்ணாடித் தடுப்புக்குள் இருந்துகொண்டு, பால்மாப் பெட்டிகளை வாயசைத்து எண்ணும் ஒரு கிழவன் உண்டல்லவா? அது நான்தான். கடையின் பெயரைச் சொல்லமாட்டேன். குற்றம் கடையினுடையது அல்ல.

எண்ணுவது என் வியாதி. வாழ்நாள் முழுதும் கணிதம் படிப்பித்தவன். "தீபாராதனை நேரத்திலயும் விளக்குத் திரியை எண்ணுற மனிசன் இவர்" என்று என் மனைவி வருவோர் போவோருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவள் போனபின் அதைச் சொல்லிச் சிரிக்கவும் ஆளில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில். ஓய்வூதியம் ஒழுங்காக வந்தது. ஆனால் காலையில் எழுந்தால் என்னிடம் ஒன்றைக் கேட்க வேண்டிய தேவை இந்த உலகத்தில் எவருக்கும் இல்லை... அது எப்படிப்பட்ட வெறுமை என்று உங்களுக்குத் தெரியுமா?

அந்த நேரத்தில்தான் சிவமலர் என்னைத் தேடி வந்தார். என்னிடம் படித்தவர். கணவனைப் போரில் இழந்தவர். ஊர் திரும்பியபின் வட்டக்கச்சியில் ஒரு தகரக் கொட்டிலில் அரிசியும் பருப்பும் வைத்து விற்கத் தொடங்கியவர். அந்தக் கொட்டில் கல்வீடானது. பிறகு கிளிநொச்சி நகரில் ஒரு கடை. பிறகு புதுக்குடியிருப்பில், அதற்குப் பிறகு உடையார்கட்டில்.

"சேர், எனக்கு விக்கத் தெரியும். கொண்டு வந்து சேர்க்கத்தான் தெரியேல்லை. நீங்கள் வந்து இருங்கோ" என்றார்.

நான் அன்றைக்கே போனேன். சம்பளம் எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை!

ஒரு கடை என்றால் சாமான் கடையைத் தேடி வரும். மொத்த வியாபாரியின் வான் வாசலில் வந்து நிற்கும். நாலு கடை என்றால் அப்படியல்ல, சாமானைத் தேடி நாங்கள் போகவேண்டும். கொழும்பிலிருந்து உலர் உணவு, தம்புள்ளையிலிருந்து மரக்கறி. அரிசி மட்டும்தான் எங்கள் மண்ணில். சிவமலர் கடன்பட்டு ஒரு லொறி வாங்கினார். அதை ஓட்டப் பெருமாளை வைத்தார்.

பெருமாளின் தகப்பன் மலைநாட்டிலிருந்து இனக்கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர். பெருமாள் இங்கே பிறந்து வளர்ந்தவன். இருந்தாலும் பேச்சில் தாய் தகப்பனின் வாடை போகவில்லை. என்னை 'மாஸ்டர் ஐயா' என்பான். பின்னேரம் வெறும் லொறியுடன் புறப்பட்டு, தம்புள்ளைச் சந்தையில் ஏற்றிக்கொண்டு, விடியும்போது வவுனியாவும் மாங்குளமும் தாண்டி வந்துவிடுவான். கிளிநொச்சியில் கொஞ்சம் இறக்கி, பரந்தனில் கிழக்கே திரும்பி, உடையார்கட்டிலும் புதுக்குடியிருப்பிலும் மிச்சத்தை இறக்குவான்.

மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில்தான் முறிகண்டி. அந்த வழியால் போனவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். வீதியோரத்தில் பிள்ளையார் இருக்கிறார். வடக்கே வரும் வாகனமும் தெற்கே போகும் வாகனமும் அங்கே நிற்கும். சாரதி இறங்கிக் கால் முகம் கழுவி, தேங்காய் அடித்து, திருநீறு பூசி, பால் விடாத ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுத்தான் திரும்ப ஏறுவான். கடவுள் இல்லை என்பவர்களும் கச்சான் கடலை வாங்கவாவது நிற்பார்கள். நில்லாமல் போகும் வாகனம் என்று ஒன்றை நான் கண்டதேயில்லை.

எங்கள் பிரச்சினை உடையார்கட்டு. அங்கே காலை பஸ்ஸுக்கு வருகிற ஆசிரியர்களும் கந்தோர்க்காரரும் போகிற வழியில் வேறு கடையில் மரக்கறி வாங்கிவிடுவார்கள். எங்கள் லொறி வருவதற்குள் அவர்கள் போய்விடுவார்கள். கடைப்பொறுப்பாளர் தினமும் தொலைபேசியில் அழுவார். சிவமலர் வாய்திறந்து குறை சொல்லவில்லை. ஆனால் என் மேசைக்கு முன்னால் நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அது போதாதா எனக்கு?

ஒருநாள் நான் பெருமாளுடன் தம்புள்ளைக்குப் போய்வந்தேன். மடியில் தாள், கையில் மணிக்கூடு. எங்கே எவ்வளவு நேரம் போகிறது என்று குறித்தேன். சந்தையில் குறைக்க வழியில்லை. வீதியில் வேகத்தைக் கூட்ட முடியாது. முறிகண்டியில் மட்டும் அரை மணித்தியாலம்!

கவனியுங்கள்... இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த அரை மணித்தியாலத்தில் அவன் என்ன செய்தான் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தேங்காய் அடித்தான். லொறியைச் சுற்றிவந்து ரயர்களைக் காலால் தட்டிப் பார்த்தான். தேநீர் குடித்தான். பிறகு ஆசனத்தில் ஏறி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினான். இரவு முழுதும் மூட்டையோடும் வீதியோடும் மல்லுக்கட்டியவனின் தூக்கம் அது. வாய் திறந்திருந்தது.

நான் தாளில் என்ன எழுதினேன் தெரியுமா? 'வீண்' என்று எழுதினேன்.

சாமியின் பேரைச் சொல்லி நித்திரை கொள்கிறான் என்று நினைத்தேன்! இரவு நானும்தான் அதே லொறியில் வந்தேன். ஆனால் நின்ற இடங்களில் மட்டும் விழித்து நேரம் குறித்துவிட்டு, மாங்குளம்வரை பக்கத்து ஆசனத்தில் நன்றாகத் தூங்கியபடி வந்தவன் நான்...

அடுத்த நாள் களஞ்சியத்தின் பின்வாசலில் அவனைத் தனியே கூப்பிட்டேன்.

"பெருமாள், இனி முறிகண்டியில நிப்பாட்ட வேண்டாம். நேர வந்திடு."

அவன் நான் பகிடி விடுவதாக நினைத்துச் சிரித்தான். என் முகத்தைப் பார்த்தபின் சிரிப்பு நின்றது.

"என்னங்கய்யா இப்புடி சொல்றீங்க? அந்த எடத்துல நிக்காம வண்டி போறதாங்க?"

"பிள்ளையார் கோவிக்க மாட்டார். கடைச்சனம்தான் கோவிக்கும்."

"அம்மாவுக்குத் தெரியுங்களா?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். சிவமலர் ஒவ்வொரு கடையும் திறக்குமுன் முறிகண்டிக்குப் போய்த் தேங்காய் அடித்தவர். லொறி வாங்கிய அன்று அதை முதலில் நிறுத்தியதும் அங்கேதான்.

"நான் சொன்னால் அவா சொன்ன மாதிரி" என்றேன்.

அவன் கையிலிருந்த துணியைப் பிழிந்தான். "சரிங்கய்யா. ஓடிக்கிட்டே கும்பிட்டுக்கிறேன்."

அந்தக் கிழமையே உடையார்கட்டில் கடை திறக்குமுன் லீக்ஸும் கரட்டும் தட்டில் ஏறிவிட்டன. சிவமலர் என் கண்ணாடித் தடுப்புக்குள் வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"என்ன மாயம் செய்தனீங்கள் சேர்?"

"சாமான் ஏத்துற ஒழுங்கை மாத்தினனான், பிள்ளை. கடைசியா இறக்கிறதை முதல் ஏத்தினால் இடையில கிண்டத் தேவையில்லை."

அதையும் நான் மாற்றியிருந்தேன் என்பது உண்மை. அதனால் சில நிமிடங்கள் மிஞ்சின என்பதும் உண்மை. உண்மையை வைத்துப் பொய் சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது... குரல் நடுங்காது.

புகழ்ந்தார். நான் அதைத் தின்று வாழ்ந்தேன். உங்களிடம் மறைத்து என்ன? எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு என்னை ஒருவர் 'நீங்கள் இல்லாட்டி நான் என்ன செய்வன்' என்று கேட்டார்!

பிறகு அந்த விடியல் வந்தது.

முறிகண்டியைத் தாண்டிக் கொஞ்சத் தூரம். வீதியோர மதகின் கட்டில் மோதி லொறி பள்ளத்தில் சரிந்துகிடந்தது. நான் முச்சக்கரவண்டியில் போய் இறங்கியபோது வீதி முழுதும் முட்டைக்கோவா உருண்டு கிடந்தது. இன்னும் உள்ளே சிக்கியிருந்த பெருமாளை இழுத்தெடுக்கச் சிலர் பாடுபட்டார்கள். சிலர் கரட் பொறுக்கினார்கள். நானோ... சொல்லவே கூசுகிறது. உடையாமல் கிடந்த பெட்டிகளை எண்ணிக்கொண்டு நின்றேன்! என் வாய் தானாக அசைந்தது. பெருமாளை அதற்குள் கொண்டுபோய்விட்டார்கள்.

வலது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிப்போயிற்று. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். மாலையில் நானும் சிவமலரும் ஆசுப்பத்திரிக்குப் போனோம். அவன் வெளிறிக் கிடந்தான். எழும்ப முயன்றான். சிவமலர் தடுத்தார்.

"நித்திரையோ பெருமாள்?"

"ஆமாங்கம்மா. கண்ணு சொருகிருச்சு."

"முறிகண்டியில இறங்கி முகம் கழுவினனிதானே?"

"இல்லீங்கம்மா. நிக்கலீங்க."

சிவமலரின் முகம் மாறியது. "நிக்கேல்லையோ? ஏன் நிக்கேல்லை?"

பெருமாள் திரும்பி என்னைப் பார்த்தான்.

அந்தப் பார்வையை என்னால் இன்றும் தள்ளிவைக்க முடியவில்லை. அதில் கோபம் இல்லை. குற்றம் சாட்டவும் இல்லை. பேசும் முறை என்னுடையது என்று எனக்கு விட்டுத்தந்தான், அவ்வளவுதான். வயதுக்கு மூத்தவர், படித்தவர், அவரே சொல்லட்டும் என்று...

நான் சொன்னேன்.

"பிந்திப்போச்சு எண்டு அவசரப்பட்டிருப்பான் போல, பிள்ளை."

பெருமாள் கண்களை எடுத்து மேலே கூரையைப் பார்த்தான்.

ஏன் சொன்னேன்? எத்தனை தடவை என்னை நானே கேட்டிருப்பேன்! சொன்னால் சிவமலர் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். அந்த வெறும் வீட்டுக்கு, ஒருவரும் ஒன்றும் கேட்காத காலைகளுக்கு. அதற்குத்தான் பயந்தேனா? ஓம், அதற்குத்தான். வேறு பெரிய காரணம் ஒன்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! தேடிப் பார்க்கிறேன், அகப்படவில்லை.

ஊர் தன் தீர்ப்பைச் சொல்ல அதிக நேரம் எடுக்கவில்லை. லொறி முறிகண்டியில் நிற்கவில்லை என்ற கதை சந்தை, பஸ் நிலையம், சலூன் எல்லாம் சுற்றி வந்தது. பிள்ளையாரை மதியாமல் வந்தான், வாங்கிக்கட்டினான்! மதகுக்கும் முறிகண்டிக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று அளந்து சொன்னார்கள். தண்டனை எவ்வளவு உடனடியாகக் கிடைத்தது என்று வியந்தார்கள்.

எங்கள் களஞ்சியத்தில் மூட்டை இறக்குகிறவர்களுக்குத் தலைவராக இருந்த தவராசா என் முகத்துக்கு நேரே சொன்னார்: "தோட்டக்காட்டான்தானே சேர். எங்கட ஆக்கள் எண்டால் முறிகண்டியானை விட்டிட்டு வருவினமே?"

தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்களை இழிக்கும் சொல் அது. இங்கே பிறந்தவனை, இந்த மண்ணில் எங்களோடு ஒன்றாகவே இடம்பெயர்ந்து, ஒன்றாகவே பங்கருக்குள் கிடந்து, ஒன்றாகவே திரும்பி வந்தவனை அப்படிச் சொன்னார். வகுப்பில் ஒரு மாணவன் அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால் நான் கதிரையில் ஏற்றி நிறுத்தியிருப்பேன். அன்று தலையைக் குனிந்து சீனி மூட்டைகளைப் பார்த்தேன்.

தெய்வம் தண்டிக்கும் என்பதை நான் நம்புகிறவன் அல்ல. ஊர் நம்பியது. ஊரின் நம்பிக்கைக்குள் போய் நான் ஒளித்துக்கொண்டேன். எத்தனை கேவலம்!

ஆனால் பெருமாளின் மனைவி லெட்சுமி விடவில்லை. ஒரு காலை நேரே கடைக்கு வந்தார். வாங்க வந்த சனம் பார்த்துக்கொண்டிருக்க, சிவமலரிடம் சொன்னார்:

"நிப்பாட்ட வேணாம்னு மாஸ்டர் ஐயாதாங்கம்மா சொன்னாரு. எங்க வீட்டுக்காரரு சொல்ல மாட்டாரு. நான் சொல்றேன்."

சிவமலர் கண்ணாடித் தடுப்பின் பக்கம் திரும்பினார். "சேர்?"

நான் எழுந்து வெளியே வந்தேன். என் குரல் எவ்வளவு தெளிவாக இருந்தது தெரியுமா! பள்ளிக்கூட மண்டபத்தில் பேசுகிற குரல்.

"பிள்ளை, நான் உங்களுக்கெல்லாம் காலமையில தேவாரம் பாடவைச்சுப் படிப்பிச்சனான். நான் அப்பிடிச் சொல்லுவனே? தேத்தண்ணி குடிச்சுக் கொண்டு மினக்கெட வேண்டாம் எண்டு சொல்லியிருப்பன். அதை அவன் எப்பிடி விளங்கினானோ..."

"அதுதானே" என்றார் சிவமலர். வரிசையில் நின்ற ஒருவர் "மாஸ்டரைப் போய்..." என்று உச்சுக்கொட்டினார்.

லெட்சுமி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா படிச்சிருக்கீங்க ஐயா" என்றார். போய்விட்டார்.

ஆசுப்பத்திரிச் செலவைச் சிவமலரே கொடுத்தார். வேலை மட்டும் கொடுக்கவில்லை. கால் ஒழுங்காகியிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார். வேறு லொறிக்காரர்களும் அவனைக் கூப்பிடவில்லை. முறிகண்டியில் நில்லாதவன் என்ற பெயரோடு ஒருவன் எந்த லொறியில் ஏறுவான்?

இனி எந்த லொறியும் முறிகண்டியில் நின்றே வரவேண்டும் என்று சிவமலர் கட்டளையிட்டார். நேர அட்டவணையைத் திருத்தி எழுதியது நான்தான். உடையார்கட்டுக்கு மரக்கறி மறுபடி அரை மணித்தியாலம் பிந்திப் போயிற்று.

அப்புறம் என்ன நடந்தது என்று கேட்கமாட்டீர்களா? ஒன்றும் நடக்கவில்லை! காலையில் வாங்காதவர்கள் பின்னேரம் வந்து வாங்கினார்கள். மிஞ்சியது ஒன்றுமில்லை. தட்டுகள் வெறுமையாயின. கடைகள் வளர்ந்துகொண்டே போயின. முல்லைத்தீவில் ஒன்று திறந்தோம். லொறிகள் கூடின. அந்த அரை மணித்தியாலம் ஒருவருக்கும் தேவைப்பட்டிருக்கவில்லை. எனக்கு மட்டும்தான் தேவைப்பட்டது, ஒரு புகழ்ச்சிக்காக.

போன மாதம் என்னால் தாங்கமுடியவில்லை. பால்மாவும் பிஸ்கற்றும் வாங்கிக்கொண்டு வட்டக்கச்சிக்கு அப்பால் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெருமாள் வாசலில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தான். பக்கத்தில் ஊன்றுகோல்.

"வாங்கய்யா, வாங்க! ஒக்காருங்க" என்றான். அந்த வரவேற்பில் ஒரு குறையும் இல்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

"பெருமாள், அண்டைக்கு ஆசுப்பத்திரியில நான்..."

"அத விடுங்கய்யா." கையை உயர்த்தி நிறுத்தினான். "யாரு என்ன சொன்னா என்னங்க, ஸ்டியரிங் என் கையிலதானே இருந்துச்சு? நான் நிப்பாட்டியிருக்கணும். பிள்ளையார நான் தாண்டி வந்தேன். நீங்களா வந்தீங்க?"

அவன் எனக்காகச் சொல்லவில்லை. நம்பிச் சொன்னான்! நான் பரவவிட்ட பொய்யை ஊர் நம்பியது போதாதென்று, கடைசியில் அவனும் நம்பிவிட்டான்...

குசினிக்குள் இருந்து லெட்சுமியின் குரல் வந்தது. "நல்லா சொல்லுங்க. இப்புடிச் சொல்லிச் சொல்லித்தான் எல்லாத்தையும் தலையில போட்டுக்கிட்டீங்க."

இல்லை பெருமாள், பிழை என்னுடையது, உன் நித்திரையை வெட்டியவன் நான் என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டிய சொற்கள் எல்லாம் நாக்கில் இருந்தன. ஆனால் என் நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்று சொல்லட்டுமா? ஒரு ஆறுதல். குளிர்ந்த தண்ணீர் குடித்ததுபோல ஒரு ஆறுதல்! இவனே தன் பிழை என்கிறான், இனி என்னை யார் கேட்கப்போகிறார்கள் என்று... நான் செய்தவற்றுள் எல்லாம் அந்த ஆறுதலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

புறப்படும்போது பெருமாள் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"ஐயா, பரந்தன் ரோட்டுல பெரிய களஞ்சியம் கட்டுறாங்களாமே. கேற்றுக்கு வாட்சர் தேவைப்படுமில்லீங்களா? ஒக்காந்து பாக்குற வேலதானே. நீங்க ஒரு வார்த்த சொன்னா அம்மா கேப்பாங்க."

"ஓம், கட்டாயம் சொல்லுறன்" என்றேன்.

லெட்சுமி வெளியே வந்து நான் கொண்டுபோன பையை என் கையில் திருப்பி வைத்தார். "கொண்டுபோங்கய்யா. நாங்க இப்ப வேற கடையிலதான் சாமான் வாங்குறது."

அது நடந்து ஒரு கிழமைக்குள் சிவமலரே என் மேசைக்கு வந்தார். புதிய களஞ்சியத்தின் வாசலுக்கு ஒரு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றார். லொறிகள் வந்துபோகிற நேரத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும், லொறி தெரிந்த ஆளாயிருந்தால் நல்லது என்றார். "உங்களுக்கு ஆரையும் தெரியுமே, சேர்?"

பெயர் வாய்வரை வந்தது. வந்து நின்றுவிட்டது.

பெருமாள் அந்த வாசலில் இருந்தால் சிவமலர் தினமும் அவனைக் கடந்து போவார். காரை நிறுத்திக் கால் எப்படி என்று கேட்பார். இளகிய மனம் அவருக்கு. இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒருநாள் பேச்சு அந்த விடியலுக்குப் போகும். அவன் தன் பிழை என்பான். ஆனால் லெட்சுமி சாப்பாடு கொண்டு வருவார்... அவர் சொல்வார். இரண்டாம் முறை சொன்னால் சிவமலர் யோசிப்பார். என் கணக்குப் பிழைத்ததில்லை. இந்தக் கணக்கையும் நான் ஒரு நொடியில் செய்து முடித்தேன்.

"விசாரிச்சுச் சொல்லுறன், பிள்ளை" என்றேன்.

பெருமாள் தொலைபேசியில் கூப்பிட்டான். அம்மா கொழும்புக்குப் போய்விட்டார் என்று சொன்னேன். மறுபடி கூப்பிட்டான். கட்டட வேலை முடியவில்லை என்றேன். "அவசரமில்லீங்கய்யா, ஞாபகம் வச்சுக்குங்க" என்றான்.

களஞ்சியக் கேற்றுக்கு நேற்று நிறம் அடித்து முடித்தார்கள். இன்று காலை சிவமலர் மீண்டும் கேட்டார்.

இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன்.